கவுண்டரைத் தாண்டிய துப்பாக்கி

அமெரிக்காவில் உரிமம் பெற்ற வியாபாரியிடம் துப்பாக்கி வாங்குகிறவர் 4473 என்ற எண் கொண்ட படிவத்தை நிரப்பியாக வேண்டும். பெயர், முகவரி, பிறந்த தேதி, அப்புறம் 'இந்தத் துப்பாக்கியை உண்மையில் பெறப்போவது நீங்கள்தானா' என்றொரு கேள்வி. யாரையெல்லாம் அப்படி 'உண்மையில் பெறுகிறவர்' என்று கொள்வது? படிவத்தோடு வரும் குறிப்புகளில் விளக்கம் இருக்கிறது. தனக்கென்று காசு கொடுத்து வாங்குகிறவர் சேர்த்தி. குலுக்கலில் துப்பாக்கியைப் பரிசாக வென்றவர் சேர்த்தி. அடகு வைத்ததை மீட்க வந்தவர் சேர்த்தி. விற்றுத் தரச்சொல்லிக் கடையில் விட்டுப்போன தன் துப்பாக்கியைத் திரும்ப எடுக்க வந்தவரும் சேர்த்தி.

குலுக்கலில் வென்றவரைச் சேர்த்தது புரிகிறது. நேற்றுவரை அந்தத் துப்பாக்கி அவருடையது இல்லை. கடைசியில் சொன்ன ஆளைத்தான் விளங்கிக்கொள்ள முடியவில்லை. துப்பாக்கி அவருடையது. அதை யாருக்கும் விற்கவில்லை, தானமும் செய்யவில்லை. சில மாதம் கடை அலமாரியில் இருந்தது. சரியான விலைக்கு யாரும் கேட்கவில்லை, அல்லது விற்க மனம் வரவில்லை. 'சரி, கொடுங்கள், வீட்டுக்கே எடுத்துப் போகிறேன்' என்கிறார். கடைக்காரர் படிவத்தையும் பேனாவையும் நீட்டுகிறார். நிரப்பிக் கொடுத்ததும் அவருடைய விவரங்கள் எஃப்.பி.ஐ. நடத்தும் சோதனை முறைக்குப் போகின்றன. 'கொடுக்கலாம்' என்று பதில் வந்தால் பொருள் கைக்கு வரும். 'கூடாது' என்று வந்தால், சொந்தத் துப்பாக்கி கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணெதிரே இருக்க, வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

நம்மூர் அடகுக்கடையில் சீட்டைக் காட்டி, அசலும் வட்டியும் கட்டினால் வளையல் கைக்கு வந்துவிடும். நடுவில் நீங்கள் எப்படிப்பட்டவர் ஆகிவிட்டீர்கள் என்று அடகுக்கடைக்காரர் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் ஊறியவர்களுக்கு இந்த அமெரிக்க ஏற்பாடு அநியாயமாகக்கூடத் தோன்றும். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை வியாபாரியின் கவுண்டருக்குப் பின்னால் நின்று படித்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கவுண்டரைத் தாண்டி உள்ளே என்ன வந்தது, கவுண்டரைத் தாண்டி வெளியே யாரிடம் போனது: அந்தச் சட்டம் கவனிப்பது இந்த இரண்டைத்தான். பொருள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை அது வேறு சட்டங்களுக்கு விட்டுவிடுகிறது.

கன்சைன்மென்ட் என்று வியாபாரத்தில் சொல்வது எளிய ஏற்பாடு. கடைக்காரர் முதல் போடுவதில்லை. பொருளை வாங்கிக் காட்சிக்கு வைப்பார். விற்றால் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். விற்காவிட்டால் பொருள் உரியவருக்கே. பழைய கிதார், கைக்கடிகாரம், படகு என எத்தனையோ பொருள்கள் அமெரிக்காவில் இப்படிக் கைமாறுகின்றன. துப்பாக்கியை இப்படிக் கொண்டுவருகிறவர்களில் வேட்டையை விட்டுவிட்ட முதியவர்கள் உண்டு; கணவர் இறந்தபின் பெட்டகத்தைத் திறந்து பார்த்துத் திகைக்கும் மனைவிமார் உண்டு. ஒரே மாநிலத்தில் வசிக்கும் இரண்டு தனியாட்கள் தங்களுக்குள் துப்பாக்கி விற்று வாங்கினால் கூட்டாட்சிச் சட்டம் பின்னணிச் சோதனை கேட்பதில்லை. சில மாநிலங்கள் கேட்கின்றன. ஆனாலும் முன்பின் தெரியாதவரை வீட்டுக்கு வரவழைத்துத் துப்பாக்கி விற்பது எல்லோருக்கும் பிடித்த வேலை இல்லை. கடைக்காரர் நடுவில் நின்றால் நிம்மதி.

அந்த நிம்மதிக்கு உரியவர் எங்கும் கையெழுத்துப் போடாமலே ஒரு விலை கொடுத்துவிடுகிறார். வியாபாரி துப்பாக்கியை வாங்கி வைத்ததும், அடுத்த வேலை நாள் முடிவதற்குள் தன் வரவுப் பதிவேட்டில் அதை ஏற்ற வேண்டும். வியாபாரிகள் பேச்சில் அதற்குப் 'பவுண்ட் புக்' என்று பெயர். தயாரித்த நிறுவனம், மாடல், வரிசை எண், வகை, காலிபர், யாரிடமிருந்து எந்தத் தேதியில் வந்தது, எல்லாம் ஒரே வரியில். அதே வரியின் வலப்பக்கத்தில் 'யாருக்குப் போனது' என்ற கட்டங்கள் காலியாக இருக்கும். வரவு எழுதியாகிவிட்டால் பற்றும் எழுதியாக வேண்டும். உரிமம் இல்லாத ஒருவருக்குப் பற்று எழுத 4473 படிவம் வேண்டும். உரியவர் வீட்டுத் துப்பாக்கி கடைச் சரக்கின் கணக்கில் சேர்வது அந்த ஒரு வரியால்.

இதில் வேடிக்கை என்னவென்றால், துப்பாக்கியைக் கடையில் விடும்போது கூட்டாட்சிச் சட்டம் உரியவரிடம் படிவமும் கேட்பதில்லை, சோதனையும் கேட்பதில்லை. அடையாளம் காட்டி, பெயரும் முகவரியும் சொன்னால் போதும். எடுத்துப்போக வரும்போதுதான் அத்தனை கேள்வியும். உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கடினம் என்று எலிப்பொறியைத்தான் சொல்வார்கள்.

'சொந்தப் பொருளைத் திரும்ப எடுப்பது எப்படிப் புதிதாகப் பெறுவதாகும்?' இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஹடில்ஸ்டன் எதிர் அமெரிக்கா என்பது வழக்கின் பெயர். தீர்ப்பு வந்தது 1974இல். கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்ட் நகரில் ஒருவர் 1971ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தன் மனைவியின் மூன்று ரைஃபிள்களை அடகுக்கடையில் வைத்தார். முதலில் போனது ஒரு வின்செஸ்டர். கிடைத்த கடன் 25 டாலர். அடகுக்கடைக்காரர் உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியும்கூட. 1972இல் ஹடில்ஸ்டன் மூன்றையும் மீட்டார். மீட்கும்போது நீட்டப்பட்ட 4473 படிவத்தில், ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினார். உண்மையில், வங்கியில் பணமில்லாமல் காசோலை கொடுத்த வழக்கில் அவர் முன்பே தண்டிக்கப்பட்டவர். துப்பாக்கியால் யாரையும் சுட்டதாக அவர்மேல் வழக்கு இல்லை. வழக்கெல்லாம் அந்த 'இல்லை'யைப் பற்றித்தான்.

அவர் தரப்பு வாதம் எளிமையானது: சட்டம் தண்டிப்பது துப்பாக்கியைப் 'பெறுவதற்காக'ப் பொய் சொல்வதை, நான் எதையும் பெறவில்லை, என் வீட்டில் இருந்ததை மீட்டேன், அவ்வளவுதான். நீதிபதி பிளாக்மன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இதை ஏற்கவில்லை. ஒரு பொருள் கைக்கு வருவதே பெறுவதுதான். சட்டமும் அடகுக்கடைக்காரரை வெளிப்படையாகப் பெயர் சொல்லி 'வியாபாரி' என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அடகு மீட்பதை விட்டுவிடுவதானால் அவரை ஏன் அங்கே வைக்க வேண்டும்? எட்டுப் பேர் ஒரு பக்கம். நீதிபதி டக்ளஸ் மட்டும் மாறுபட்டார். கன்சைன்மென்ட் அந்த வழக்கில் பேசப்படவில்லை. ஆனால் கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.டி.எஃப். அடகு மீட்பையும் கன்சைன்மென்ட் திருப்பலையும் ஒரே தட்டில் வைத்தே நடத்திவருகிறது. படிவத்தின் குறிப்பில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது அதனால்தான்.

தீர்ப்பின் இலக்கணத்தைவிட அதன் பின்னிருக்கும் கவலைதான் என்னை ஈர்க்கிறது. அடகுக்கடையிலோ கமிஷன் கடையிலோ துப்பாக்கி கிடந்த காலத்தில் அதன் சொந்தக்காரர் அப்படியே இருந்தார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இடையில் விவாகரத்து நடந்திருக்கலாம். மனைவியையோ காதலியையோ மிரட்டியதற்காக நீதிமன்றம் தடையாணை போட்டிருக்கலாம். அத்தகைய தடையாணைக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற விதி செல்லும் என்று ரஹிமி வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்ப வன்முறைக்காகச் சிறு குற்றத் தண்டனை பெற்றிருந்தாலும் தடை உண்டு. அது 1996இல் சேர்க்கப்பட்டது. கஞ்சா விஷயம் இன்னும் சிக்கல். பல மாநிலங்கள் அதை அனுமதித்துவிட்டன. கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை. மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும் கூட்டாட்சிச் சட்டப்படி கஞ்சா குற்றமே என்ற எச்சரிக்கை 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே 4473 படிவத்தில் அச்சேறியது. மருத்துவர் சீட்டோடு மருந்தாகக் கஞ்சா எடுக்கத் தொடங்கிய ஒரு முதியவர், விற்காத தன் வேட்டைத் துப்பாக்கியை எடுக்க வந்து அந்தக் கேள்வியின் முன் பேனாவோடு நிற்பதை எண்ணிப் பாருங்கள். உண்மை எழுதினால் துப்பாக்கி கிடைக்காது. பொய் எழுதினால் அது பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

படிவமும் பதிவேடும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் 1963க்குப் போக வேண்டும். டாலஸ் நகரில் அதிபர் கென்னடியைச் சுட்ட ரைஃபிள் தபாலில் வாங்கப்பட்டது. ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, ஏ. ஹைடெல் என்ற பொய்ப் பெயரில், சிகாகோவின் கிளைன்ஸ் கடைக்கு எழுதி ஆஸ்வால்ட் அதை வரவழைத்திருந்தார். தொலைநோக்கியோடு விலை 19 டாலர் 95 சென்ட். தபால் கூலி தனி. துப்பாக்கியில் சி2766 என்ற வரிசை எண் இருந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எஃப்.பி.ஐ. அந்தக் கடையின் மைக்ரோஃபிலிம் சுருள்களில் தேடி, விடிவதற்குள் ஆர்டர் தாளைக் கண்டுபிடித்தது. ஒரு கடை தன் வசதிக்காக வைத்திருந்த கணக்கு, நூற்றாண்டின் பெரிய கொலை வழக்கில் சாட்சியாகிவிட்டது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டபின், அக்டோபர் 22 அன்று அதிபர் ஜான்சன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலம் விட்டு மாநிலம் தனியாட்களுக்குத் தபாலில் துப்பாக்கி அனுப்புவது நின்றது; ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண், ஒவ்வொரு வியாபாரிக்கும் பதிவேடு என்பது கட்டாயமாயிற்று.

இப்படிக் கட்டிய சங்கிலி விசித்திரமானது. குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏ.டி.எஃப்.பின் தடமறியும் மையம் தயாரிப்பாளரைக் கேட்கும். அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார். அவர் சில்லறைக் கடையைக் காட்டுவார். கடை முதலில் வாங்கியவரைக் காட்டும். பெரும்பாலும் தடம் அங்கேயே அறுந்துவிடும், ஏனென்றால் அதன்பின் தனியாட்களிடையே கைமாறியதற்குக் கடைக் கணக்கு கிடையாது. துப்பாக்கி வைத்திருப்போரின் தேசியப் பட்டியல் தயாரிக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. மூடிய கடைகளின் பதிவேடுகள் எல்லாம் மார்ட்டின்ஸ்பர்க்கில் வந்து குவிகின்றன, பிரதி எடுக்கப்படுகின்றன. ஆனாலும் அவற்றைப் பெயரைத் தட்டித் தேட முடியாதபடி வெறும் படங்களாகத்தான் வைத்திருக்க வேண்டும். கணினிக் காலத்தில் ஓர் அரசு வேண்டுமென்றே தன் கண்ணைக் கட்டிக்கொண்டு காகிதம் புரட்டுவது உலகில் வேறெங்கும் இருக்கிறதா, தெரியவில்லை.

அந்த அறுந்த தடத்தைத் தற்செயலாக மறுபடி முடிச்சுப் போடுவது கன்சைன்மென்ட். முப்பது வருடம் ஒரு வீட்டுப் பெட்டகத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்த துப்பாக்கி, விற்பனைக்கு வந்ததும் ஒரு கடையின் ஏட்டில் பெயரோடும் எண்ணோடும் ஏறுகிறது. விற்காமல் உரியவரிடமே திரும்பினாலும் அந்த வரி போவதில்லை. 4473 படிவங்களை இருபதாண்டுகள் வைத்திருந்தால் போதும் என்று முன்பு இருந்தது. 2022இல் அந்த விதியைத் திருத்தி, கடை நடக்கும்வரை வைத்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். மறுபக்கம், சோதனையில் 'கொடுக்கலாம்' என்று விடை பெற்றவரின் அடையாள விவரங்களை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். அரசு ஒரே நாளில் மறக்க வேண்டும், கடை மறக்கவே கூடாது. அமெரிக்க அரசியலின் பேரமெல்லாம் இந்த இரண்டு காலக்கெடுவுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

சோதனை முறை வந்த கதை தனி. 1981இல் அதிபர் ரீகனைக் கொல்ல நடந்த முயற்சியில் அவருடைய பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் பெயரிலான சட்டம் 1993இல் நிறைவேறியது. நிக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உடனடிச் சோதனை முறை 1998 நவம்பர் 30 முதல் இயங்குகிறது. ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல் விசாரிப்புகள் அதன் வழியே போகின்றன. விடை மூன்று வகை: தொடரலாம், தாமதம், மறுப்பு. பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களில் 'தொடரலாம்' வந்துவிடும். அப்படி வந்த விடை 30 நாளுக்குச் செல்லும். 'தாமதம்' என்றால், பெயர் வேறு யாருடைய குற்றப் பதிவோடோ உரசுகிறது, அல்லது பழைய வழக்கொன்றின் முடிவு ஏட்டில் இல்லை. மூன்று வேலை நாள் கழிந்தும் முடிவு வராவிட்டால் வியாபாரி கொடுக்கலாம்; கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் கைத்துப்பாக்கி வாங்கியது இப்படி மூன்று நாள் கழிந்தும் முடிவு வராததால்தான். அதன்பின் பல வியாபாரிகள் விடை வரும்வரை காத்திருப்பதையே தேர்ந்தெடுக்கிறார்கள். 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பத்து வேலை நாள் வரை நீளலாம் என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. மாநிலங்களின் விதிகள் இதற்கு மேல். கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு தன் துப்பாக்கியை மீட்க வந்தவருக்கும் உண்டு. வேறு சில மாநிலங்களில் துப்பாக்கி எடுத்துச்செல்லும் உரிமச் சீட்டைக் காட்டினால் எஃப்.பி.ஐ. விசாரிப்பு வேண்டாம், படிவம் மட்டும் போதும்.

நண்பனை அனுப்பி எடுத்துவரச் சொல்லலாமே என்றால், அதுவும் நடக்காது. 'உண்மையில் பெறுகிறவர் நீங்கள்தானா' என்ற முதல் கேள்வியிலேயே நண்பர் மாட்டிக்கொள்வார். 2014இல் வந்த அப்ராம்ஸ்கி வழக்கில், முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் போலீஸ் சலுகை விலையில் தன் மாமாவுக்காக ஒரு கிளாக் கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா துப்பாக்கி வைத்திருக்க எந்தத் தடையும் இல்லாதவர். அப்படியிருந்தும், தானே வாங்குவதாக எழுதியது பொய்தான் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

சரி, மறுப்பு வந்துவிட்டது. இனி அந்தத் துப்பாக்கி யாருடையது? அப்போதும் அவருடையதுதான். கையில் வைத்திருக்க முடியாது, ஆனால் விற்ற காசு அவருக்குச் சேரும். உடைமையும் கைவசமும் தனித்தனி என்பதை 2015இல் ஹெண்டர்சன் வழக்கு தெளிவாக்கியது. எல்லைக் காவல் படையில் இருந்த ஒருவர் கஞ்சா விற்ற வழக்கில் ஜாமீன் நிபந்தனையாகத் தன் துப்பாக்கிகளை எஃப்.பி.ஐ.யிடம் ஒப்படைத்தார், பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, சரி. அவற்றை இன்னொருவருக்கு விற்கவாவது விடுங்கள் என்று கேட்டார். கீழ் நீதிமன்றங்கள், விற்பனையை நடத்திவைப்பதே மறைமுகக் கைவசம்தான் என்று மறுத்தன. நீதிபதி கேகன் எழுதிய ஒருமனதான தீர்ப்பு அதை மாற்றியது. வாங்குகிறவர் துப்பாக்கியைப் பழைய சொந்தக்காரர் கையில் கொடுக்கவோ, அவர் சொல்படி பயன்படுத்தவோ மாட்டார் என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி இருந்தால் விற்கலாம். மறுப்பு வாங்கிய கன்சைன்மென்ட்காரருக்கு இதில் ஆறுதல் உண்டு. துப்பாக்கி ஏற்கெனவே நடுநிலையான வியாபாரி ஒருவரிடம் விற்பனைக்குத்தான் இருக்கிறது. இருந்த இடத்திலேயே இருக்கட்டும், விற்கட்டும். மறுப்பு தவறென்றால் எஃப்.பி.ஐ.யிடம் மேல்முறையீடு செய்யலாம். அடிக்கடி பெயர்க் குழப்பத்தில் சிக்குகிறவர்களுக்கு, அடுத்த முறை படிவத்தில் எழுதிக்கொள்ள ஒரு தனி அடையாள எண்ணும் தருகிறார்கள்.

இதுவரை பார்த்தது துப்பாக்கிச் சட்டம். உரியவருக்கு அதைவிடப் பெரிய அபாயம் வணிகச் சட்டத்தில் பதுங்கியிருக்கிறது. லூயிசியானா தவிர மற்ற மாநிலங்கள் எல்லாம் ஏற்றுக்கொண்ட பொது வணிகச் சட்டத் தொகுப்பின் விற்பனைப் பகுதியில் ஒரு விதி இருக்கிறது. ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் அதே வகைப் பொருளை நம்பி ஒப்படைத்தால், நல்லெண்ணத்தோடு கடைக்கு வந்து வாங்கும் வாடிக்கையாளருக்கு முழு உரிமையையும் மாற்றிக்கொடுக்கும் அதிகாரம் அவருக்கு வந்துவிடுகிறது. அதாவது, '800 டாலருக்குக் குறையக் கூடாது' என்று நீங்கள் சொல்லியிருக்க, வியாபாரி 300க்குத் தள்ளிவிட்டால், வாங்கியவரிடம் போய்த் துப்பாக்கியைத் திருப்பிக் கேட்க முடியாது. வியாபாரியிடம்தான் நஷ்டஈட்டுக்கு வழக்காட வேண்டும். பழுது பார்க்கக் கொடுத்த துப்பாக்கியை அவர் தவறுதலாக விற்றுவிட்டாலும் இதே கதிதான். கடையில் வாங்கும் பொதுமக்கள் ஒவ்வொரு பொருளின் பூர்வீகத்தையும் தோண்டிக்கொண்டிருக்க முடியாது என்பதற்காக எழுதிய விதி. நியாயமான விதிதான்; நம்பி ஒப்படைத்தவர் தலையில்தான் விடிகிறது.

கடை திவாலானால் இன்னொரு பிரச்சினை. கடனளித்த வங்கி வந்து அலமாரியில் இருப்பதையெல்லாம் கடைச் சரக்கு என்று சொல்லும். தொழில்முறையில் சரக்குக் கொடுத்தவர், 1,000 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள ஒப்படைப்பாக இருந்தால், மாநில அலுவலகத்தில் முன்கூட்டியே அறிவிப்புப் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடன்காரர்கள் முந்திக்கொள்வார்கள். வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்தவர் இந்த விதியின் பிடியில் வருவதில்லை. ஆனால் அது தன் பொருள்தான் என்று அவர் காட்ட வேண்டும். வியாபாரியின் பதிவேட்டில் யாரிடமிருந்து வந்தது என்று இருக்கும். விற்றுவிட்டுப் போனாரா, விற்றுத் தரச் சொல்லிவிட்டுப் போனாரா என்பது அதில் இருக்க வேண்டியதில்லை. வரிசை எண், குறைந்தபட்ச விலை, கமிஷன், எத்தனை நாளில் திரும்ப எடுக்கலாம் என்பதெல்லாம் எழுதிய, இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் அப்போதுதான் பயன்படும். அப்படி ஒரு தாள் இல்லாமல் துப்பாக்கியை விட்டுவருவது அசட்டுத்தனம்.

இவ்வளவு கண்டிப்பான விதிக்கு விலக்குகளும் இருக்கின்றன; விதியைவிட அவைதான் சுவையானவை. அதே கடையில் அதே துப்பாக்கியைப் பழுது பார்க்கவோ, சிறு மாற்றம் செய்யவோ மட்டும் கொடுத்திருந்தால், கொடுத்தவரிடமே திருப்பித் தரப் படிவம் வேண்டாம், சோதனை வேண்டாம். பழுது பார்ப்பவர் கொண்டுவந்த அன்றே முடித்துக் கொடுத்துவிட்டால் பதிவேட்டில் ஏற்றவும் வேண்டாம் என்று 1977ஆம் ஆண்டு ஏ.டி.எஃப். விளக்கம் சொல்கிறது. குதிரை தேய்ந்துபோன ரைஃபிளை விட்டுவிட்டு, சரியானதும் வாங்கிப் போகலாம்; அதே ரைஃபிளை 'விற்றுப் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லி விட்டுப் போனால் திரும்ப எடுக்க எஃப்.பி.ஐ.யைக் கேட்க வேண்டும். கழற்றிப் போட்டால் இன்னும் வேடிக்கை. சட்டத்தின் கணக்கில் துப்பாக்கி என்பது சுடும் இயக்கத்தைத் தாங்கும் நடுச்சட்டம் மட்டுமே. குழல், கட்டை, தொலைநோக்கி எல்லாம் வெறும் உதிரிகள். அவற்றை எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கிப் போகலாம்.

ஓரிடத்தில் அதே விதிப்புத்தகம் தன் பேச்சையே மாற்றிக்கொள்கிறது. ஐந்து வேலை நாளுக்குள் ஒரே ஆளுக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் கொடுத்தால் வியாபாரி தனி அறிக்கை அனுப்ப வேண்டும். மொத்தமாக வாங்கிக் கடத்துகிறவர்களைப் பிடிப்பதற்கான ஏற்பாடு. ஆனால் யாரிடமிருந்து வந்தனவோ அவரிடமே திரும்பினால் அறிக்கை வேண்டாம் என்று அந்த விதியிலேயே விலக்கு இருக்கிறது. ஆக, மூன்று கைத்துப்பாக்கிகளைக் கன்சைன்மென்டில் வைத்து மூன்றையும் திரும்ப எடுப்பவர், ஒரு விதிப்படி புதிதாகப் பெறுகிறவர். அடுத்த விதிப்படி தன்னுடையதைத் திரும்ப எடுக்கிறவர்.

எல்லாவற்றுக்கும் மேலே 1898. அந்த ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது கூட்டாட்சிச் சட்டத்தின்படி பழம்பொருள். 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள் அது வருவதே இல்லை. 1899இல் செய்ததென்றால் துப்பாக்கி. வின்செஸ்டர் நிறுவனம் தன் 1894 மாடல் ரைஃபிளை இந்த எல்லைக்கோட்டின் இரு பக்கமும் செய்துகொண்டே இருந்தது. ஒரே வடிவம், ஒரே இயக்கம், இன்றும் சுடத்தக்க நிலையில் இரண்டும் கிடைக்கின்றன. கொள்ளுத்தாத்தா விட்டுப்போன அப்படி இரண்டை ஒருவர் கமிஷன் கடையில் வைத்துப் பார்த்து, விலை படியாமல் எடுக்க வந்தார் என்று வைத்துக்கொள்வோம். 1898இல் செய்ததைக் கடைக்காரர் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிடலாம். மற்றதற்கு அவர் படிவத்தை எடுக்க வேண்டும், எஃப்.பி.ஐ.யைக் கேட்க வேண்டும். 'தாமதம்' என்று பதில் வந்தால் கொள்ளுப்பேரன் அன்றைக்கு ஒரு ரைஃபிளோடு கிளம்பி, இன்னொன்றுக்கு வேறொரு நாள் வர வேண்டியதுதான்.